தும்மலுக்குத் தயிர் மருந்தாகுமா? வாசகர் கேள்வி–பதில்

புரோபயாடிக் பால், அதாவது உடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள பாக்டீரியா சேர்த்த புளித்த பால், குடித்தால் அலர்ஜித் தும்மலும் மூக்கடைப்பும் தீருமா என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கி, இந்த இதழில் மொத்தமாக எடுத்துக்கொண்டோம்.

கேள்வி (திருப்பூர்): வயது 34. பனியன் கம்பெனியில் வேலை. ஆறு வருடமாகக் காலையில் எழுந்ததும் இருபது, முப்பது தும்மல். மூக்கிலிருந்து தண்ணீராகக் கொட்டும். பகலில் ஒரு பக்கம் அடைத்துக்கொள்ளும். டாக்டர் ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதிக் கொடுத்தார். ஸ்டீராய்டு என்றதும் பயமாக இருக்கிறது. தினமும் புரோபயாடிக் பால் குடித்தால் ஸ்பிரேயே வேண்டாம் என்கிறார் நண்பர். நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். பாலைக் குடிப்பதில் தவறில்லை. ஸ்பிரேயின் இடத்தில் அதை வைப்பதுதான் தவறு.

உங்களுக்கு இருப்பது ஒவ்வாமை மூக்கழற்சி என்று டாக்டர் உறுதி செய்திருந்தால், உள்ளே நடப்பது இதுதான். தூசிப்பூச்சியின் கழிவோ மகரந்தமோ மூக்கின் உள்தோலில் படுகிறது. அங்கே காத்திருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் ஐஜிஇ என்ற எதிர்ப்புரதம் ஒட்டியிருக்கிறது. தூசி வந்து அதைத் தொட்டதும் செல் தன்னுள் இருக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை வெளியே கொட்டுகிறது. சில நிமிடங்களில் அரிப்பு, தும்மல், நீர். அதோடு முடிவதில்லை. நாலைந்து மணி நேரம் கழித்து ஈசினோஃபில் போன்ற வெள்ளணுக்கள் அங்கே வந்து கூடுகின்றன, உள்தோல் வீங்குகிறது. பகலில் வரும் உங்கள் அடைப்பு பெரும்பாலும் இந்த இரண்டாவது அலை. செட்ரிசின் மாத்திரை தும்மலையும் அரிப்பையும் நன்றாக அடக்கும், வீக்கத்தை அவ்வளவாக அடக்காது. வீக்கத்துக்கு ஸ்பிரேதான் சரியான மருந்து.

பயத்துக்கு வருவோம். ஃபுளூட்டிகசோன், மோமெட்டசோன் ஸ்பிரேக்களில் ஒரு அழுத்தலுக்கு வருவது பொதுவாக 50 மைக்ரோகிராம். இரண்டு மூக்கிலும் இரண்டிரண்டு அடித்தாலும் நாளுக்கு 200 மைக்ரோகிராம்தான். ஸ்டீராய்டு மாத்திரை மில்லிகிராம் கணக்கில் போவது. ஒரு மில்லிகிராம் என்பது ஆயிரம் மைக்ரோகிராம். ஸ்பிரேயில் வரும் இந்தச் சிறிய அளவிலும் ரத்தத்துக்குள் போவது மிகக் குறைவு.

புரோபயாடிக் வேலை செய்யும் இடம் மூக்கு அல்ல, குடல். குடல் சுவரில் உள்ள நோய் எதிர்ப்புச் செல்களை இந்தப் பாக்டீரியாக்கள் தொட்டுப் பழக்குகின்றன. ஒவ்வாமைப் பக்கம் சாய்ந்திருக்கும் எதிர்ப்பாற்றலை அவை கொஞ்சம் நடுவுக்கு இழுக்கும் என்பதுதான் இதன் பின்னுள்ள கருத்து. 2015-இல் 23 ஆய்வுகளையும், அவற்றில் இருந்த 1,919 நோயாளிகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். 17 ஆய்வுகளில் ஏதோ ஒரு வகையில் பலன் தெரிந்தது, ஆறில் தெரியவில்லை. அன்றாட வாழ்க்கைத் தரம் சற்று மேம்பட்டது. ரத்தத்தில் உள்ள மொத்த ஐஜிஇ குறையவில்லை. அதாவது அலர்ஜி போய்விடவில்லை, தொந்தரவு சிலருக்குக் கொஞ்சம் குறைந்தது. மருந்தோடு கூட ஒரு துணையாக வைத்துக்கொள்ளலாம் என்ற அளவுக்கே இதில் பலம் இருக்கிறது.

கேள்வி (கரூர்): ஸ்பிரேயை ஒரு வாரம் போட்டேன். பலனே இல்லை, மூக்கில் ரத்தம் வந்ததுதான் மிச்சம். அதனால்தான் புரோபயாடிக் பக்கம் போகலாம் என்று நினைக்கிறேன்.

பதில்: இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் அடிக்கும் முறைதான். முதலில் மூக்கைச் சிந்திச் சுத்தம் செய்யுங்கள். பாட்டிலைக் குலுக்குங்கள். புதுப் பாட்டில் என்றால் காற்றில் நாலைந்து முறை அழுத்தி, மெல்லிய புகைபோல வரும்வரை பாருங்கள். தலையை அண்ணாந்து வைக்காதீர்கள், லேசாக முன்னால் குனியுங்கள். வலது மூக்குக்கு இடது கையாலும், இடது மூக்குக்கு வலது கையாலும் அடியுங்கள். அப்போதுதான் முனை இரண்டு துளைகளுக்கும் நடுவே உள்ள நடுத்தண்டைப் பார்க்காமல், காதுப் பக்கம் பார்க்கும். நடுத்தண்டில் தினமும் மருந்து படுவதால்தான் அங்கே காய்ந்து ரத்தம் கசிகிறது. அடிக்கும்போது மெதுவாக மூச்சை இழுத்தால் போதும். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். தொண்டையில் கசப்பு தெரிந்தால் உறிஞ்சிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் ஆகலாம். ஒரு வாரத்தில் கைவிட்டால் மருந்தின் மேல் குற்றம் சொல்ல முடியாது. முறையை மாற்றியும் ரத்தம் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

இதே இடத்தில் இன்னொரு எச்சரிக்கை. அடைப்பை உடனே திறக்கும் சைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலின் சொட்டு மருந்து வேறு வகை. அதை ஐந்து நாளுக்கு மேல் போட்டால், மருந்து இல்லாமல் மூக்கே திறக்காத நிலைக்குப் போய்விடும்.

கேள்வி (திருச்சி): கடையில் விற்கும் புரோபயாடிக் பாலும் நம் வீட்டுத் தயிரும் ஒன்றுதானே? இரண்டிலும் பாக்டீரியாதானே இருக்கிறது? காசு கொடுத்து எதற்கு வாங்க வேண்டும்?

பதில்: இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் முக்கியமானது இதுதான். கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எண்ணிக்கையைப் பார்த்தால் வீட்டுத் தயிர் குறைந்ததே அல்ல. நன்றாக உறைந்த புதுத் தயிரில் ஒரு கிராமுக்குக் கோடிக்கணக்கில் உயிருள்ள பாக்டீரியா இருக்கும். ஆனால் எந்த இனம், அந்த இனத்தில் எந்த ரகம் என்பதுதான் கேள்வி. நெல் என்ற ஒரே பயிரில் பொன்னியும் கிச்சிலிச் சம்பாவும் ஒன்றாகிவிடுமா? அதுபோல ஒரே லாக்டோபேசிலஸ் இனத்துக்குள் ஒரு ரகம் எதிர்ப்பாற்றலைத் தொடும், பக்கத்து ரகம் சும்மா பாலை மட்டும் புளிக்க வைக்கும். உங்கள் வீட்டு உறைமோரில் எந்த ரகம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த வீட்டு உறையில் இருப்பது வேறாக இருக்கும். வெயில் காலத்தில் ஒன்று ஓங்கும், மழைக்காலத்தில் இன்னொன்று.

2004-இல் தைவானில் நடந்த ஓர் ஆய்வு இதை நன்றாகக் காட்டுகிறது. ஆண்டு முழுவதும் மூக்கு அலர்ஜி உள்ள 80 குழந்தைகள். 60 பேருக்கு லாக்டோபேசிலஸ் பாராகேசி 33 என்ற ரகம் சேர்த்த புளித்த பால், 20 பேருக்கு அந்த ரகம் சேர்க்காத புளித்த பால். 30 நாள் கொடுத்தார்கள். ரகம் சேர்த்ததைக் குடித்தவர்களுக்குத் தொந்தரவு எத்தனை முறை வருகிறது, எவ்வளவு வருத்துகிறது என்ற இரண்டும் தெளிவாகக் குறைந்தன. இதில் கவனிக்க வேண்டியது எதிர்ப்பக்கம் யார் என்பதை. அவர்களும் புளித்த பால்தான் குடித்தார்கள். அங்கே சாதாரணப் புளித்த பாலுக்கு, மருந்தில்லாத போலி மாத்திரையின் இடம்தான். ஜப்பானில் சீடர் மர மகரந்த அலர்ஜிக்கு பிஃபிடோபாக்டீரியம் லாங்கம் பிபி536 சேர்த்த தயிரைச் சோதித்தபோதும், ஒப்பிட்டது அந்த ரகம் இல்லாத தயிரோடுதான்.

ஆகவே 'தயிர் அலர்ஜியைக் குறைக்கும்' என்று செய்தி வந்தால், உண்மையில் ஆய்வு சொன்னது 'தயிரில் சேர்த்த இந்த ஒரு ரகம், வெறும் தயிரைவிட அதிகம் செய்தது' என்பதுதான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பிரபலமான ரகம் என்பதாலேயே மூக்குக்கு உதவும் என்று நினைக்கக் கூடாது. கியோட்டோவில் மினோரு ஷிரோட்டா 1930-இல் பிரித்தெடுத்த லாக்டோபேசிலஸ் கேசி ஷிரோட்டாதான் இன்று உலகம் முழுக்கச் சின்னப் பாட்டிலில் விற்கும் ரகம். அதே ரகத்தை ஜப்பானில் சீடர் மகரந்தக் காலத்தில் கொடுத்துப் பார்த்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். போலிப் பானம் குடித்தவர்களோடு ஒப்பிட்டால், மூக்கு, கண் தொந்தரவில் மொத்தத்தில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. பின்லாந்தில் பிர்ச் மர மகரந்த அலர்ஜிக்கு லாக்டோபேசிலஸ் ராம்னோசஸ் ஜிஜி என்ற மிகப் புகழ்பெற்ற ரகத்தைக் கொடுத்தும் பலனில்லை.

வீட்டுத் தயிரைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், புரதமும் கால்சியமும் அதில் உறுதி. மூக்குக்காக ஒரு ரகத்தைச் சோதித்துப் பார்க்க நினைத்தால் மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள்.

கேள்வி (சென்னை, பெரம்பூர்): கடையில் எதைப் பார்த்து வாங்குவது? எல்லாவற்றிலும் 'புரோபயாடிக்' என்று போட்டிருக்கிறது.

பதில்: முன்பக்கத்தை விட்டுப் பின்பக்கம் திருப்புங்கள். முழுப் பெயர் இருக்கிறதா? இனம், உட்பிரிவு, அதற்குப் பின் எண்ணோ எழுத்தோ கொண்ட ரகப்பெயர், மூன்றும் வேண்டும். 'லாக்டோபேசிலஸ் உள்ளது' என்று மட்டும் போட்டிருந்தால் வைத்துவிடுங்கள். 2020-இல் லாக்டோபேசிலஸ் குடும்பத்துக்கே புதுப்பெயர் வைத்துவிட்டதால், கேசி, பாராகேசி, ராம்னோசஸ் எல்லாம் இப்போது சில லேபிள்களில் லாக்டிகேசிபேசிலஸ் என்று வரும். குழம்ப வேண்டாம், பின்னால் உள்ள ரகக்குறி மாறவில்லை.

அடுத்து எண்ணிக்கை. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி ஒரு நாளைக்குச் சாப்பிடச் சொல்லும் அளவில் குறைந்தது 10 கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும். அலர்ஜி ஆய்வுகளில் கொடுத்தது பெரும்பாலும் நூறு கோடி முதல் ஆயிரம் கோடி வரை. ஷிரோட்டா ரகம் உள்ள, இங்கே கிடைக்கும் 65 மில்லி யாகுல்ட் பாட்டிலில் 650 கோடி. ஆக எண்ணிக்கைக்குப் பஞ்சமில்லை, ரகம்தான் பொருந்த வேண்டும். அந்த எண்ணிக்கை தயாரித்த அன்று இருந்ததா, காலாவதி நாள்வரை இருக்குமா என்று லேபிள் சொல்வதையும் பாருங்கள். பின்னது நல்லது.

கடையின் குளிர்ப்பெட்டி உண்மையிலேயே குளிர்கிறதா என்று பாட்டிலைத் தொட்டுப் பாருங்கள். வெளியே அட்டைப்பெட்டியில் அடுக்கி வைத்திருந்தால் வாங்காதீர்கள். சித்திரை வெயிலில் வீட்டுக்குக் கொண்டுவர அரை மணிக்கு மேல் ஆகும் என்றால் ஐஸ் பை கொண்டுபோங்கள்.

கேள்வி (கோவை): விலை கட்டுபடியாகவில்லை. அந்தச் சின்னப் பாட்டில் ஒன்றை வாங்கி, அரை லிட்டர் பாலில் உறையாக ஊற்றிப் பார்த்தேன். காலையில் பால் உறையவே இல்லை. இன்னொரு நாள் விட்டேன், ஒரு மாதிரி வாடை, ஓரத்தில் நுரை. ஏன்?

பதில்: கொட்டிவிட்டீர்கள் என்று நம்புகிறோம். அது தயிரும் இல்லை, மோரும் இல்லை, கெட்டுப்போன பால்.

காரணம் வேகம். நம் உறைமோரில் இருக்கும் பாக்டீரியாக்கள் பாலில் பிறந்து வளர்ந்தவை. ஆறேழு மணி நேரத்தில் பாலைப் புளிக்க வைத்துவிடும். தயிர்க் கம்பெனிகள் போடும் ஸ்டிரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸும் லாக்டோபேசிலஸ் பல்கேரிகஸும் 42 டிகிரியில் நாலைந்து மணி நேரத்தில் முடித்துவிடும். அந்தச் சின்னப் பாட்டிலில் இருக்கும் கேசி ரகம் அப்படியல்ல. பால் புரதத்தை உடைத்துத் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வதில் அது மந்தம். தொழிற்சாலையில் கொழுப்பு நீக்கிய பாலில் சர்க்கரை சேர்த்து, கிருமி புகாத தொட்டியில், 37 டிகிரி அளவில் ஒரு வாரம் போல விட்டுத்தான் புளிக்க வைக்கிறார்கள். உங்கள் பாத்திரம் அப்படி மூடியதல்ல. பாலைக் காய்ச்சினாலும் சில பாக்டீரியா வித்துகள் சாகாது. கரண்டியிலிருந்தும் காற்றிலிருந்தும் வேறு கிருமிகள் வரும். பால் சீக்கிரம் புளித்தால் அந்தப் புளிப்பு இவற்றை வளர விடாது. கேசி புளிக்க வைப்பதற்குள் இவை முந்திக்கொண்டன. நுரை வந்தது வாயு விடும் கிருமிகளாலோ ஈஸ்டாலோ.

வீட்டிலேயே செய்துதான் பார்க்க வேண்டும் என்றால், பாட்டில் பானத்தை விடுங்கள். ரகப்பெயர் போட்ட, சர்க்கரை சேர்க்காத புரோபயாடிக் கப் தயிரை எடுங்கள். அதில் உறைய வைக்கும் வேகமான பாக்டீரியாவும் கூடவே இருக்கும். அரை லிட்டர் பாலைப் பொங்க விட்டு, சிறு தீயில் ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். 40 டிகிரிக்கு ஆறட்டும். வெப்பமானி இல்லையென்றால், சுத்தமாகக் கழுவிய சுண்டுவிரலை முக்கிப் பத்து எண்ணும்வரை சுடாமல், இதமாக இருக்க வேண்டும். அதைவிடச் சூட்டில் ஊற்றினால் புரோபயாடிக் ரகம்தான் முதலில் சாகும். கொதிநீரில் கழுவிய கரண்டியால் கப் தயிரில் ஒரு மேசைக்கரண்டி எடுத்துக் கலக்கி, ஹாட்பேக்கில் மூடி ஆறு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். உறைந்ததும் உடனே ஃபிரிட்ஜ். மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

அந்தத் தயிரிலிருந்தே அடுத்த முறைக்கு உறை எடுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் வேகமான பாக்டீரியா கூடிக்கொண்டே போகும், மந்தமானது குறைந்துகொண்டே வரும். சில முறை கழித்து உங்களிடம் இருப்பது சாதாரணத் தயிர்தான். முதல் முறையிலும் எத்தனை கோடி இருக்கிறது என்று வீட்டில் அளக்க வழியில்லை. அதனால் மூக்குக்குப் பலன் இருக்கிறதா என்று சோதிக்கும் எட்டு வாரத்துக்கு (முறை கடைசிப் பதிலில்) மட்டுமாவது கப் தயிரை நேராகச் சாப்பிடுவதே மேல்.

கேள்வி (ஈரோடு): புரோபயாடிக் தயிரை மோர்க்குழம்பில் சேர்க்கலாமா? ஃபிரீசரில் வைக்கலாமா?

பதில்: குழம்பில் கொதித்தால் பாக்டீரியா செத்துவிடும். ஆறிய சாதத்தில் பிசையலாம். ஆவி பறக்கும் சாதத்தில் வேண்டாம். உறைய வைப்பதில் ஒரு பகுதி சாகும், எல்லாம் சாகாது. ஆனால் தயிர் திரிந்து தண்ணீர் விடும்.

கேள்வி (புதுச்சேரி): செத்த பாக்டீரியாவும் அலர்ஜிக்கு வேலை செய்கிறது என்று படித்தேன். சரியா?

பதில்: சில ரகங்களில் சரி. ஜப்பானில் லாக்டோபேசிலஸ் ஆசிடோபிலஸ் எல்-92 ரகத்தால் புளிக்க வைத்த பாலைச் சூடாக்கி, பாக்டீரியாவைக் கொன்ற பிறகே கொடுத்தார்கள். 49 பேர், எட்டு வாரம். மூக்குத் தொந்தரவு குறைந்தது. தூசிப்பூச்சிக்கான ஐஜிஇ மாறவில்லை. தைவானிலும் பாராகேசி 33-ஐ உயிரோடும் கொன்றும் கொடுத்துப் பார்த்ததில் இரண்டும் உதவின. பாக்டீரியாவின் செல் சுவரே குடலின் எதிர்ப்பாற்றல் செல்களுக்குச் செய்தி சொல்லப் போதுமானது போலும். இப்படிக் கொன்று கொடுப்பதற்குப் போஸ்ட்பயாடிக் என்று இப்போது தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். இதை வைத்து மோர்க்குழம்பை மருந்தாக்கிவிட முடியாது. ரகம் எது என்ற பழைய கேள்வி அப்படியே நிற்கிறது.

கேள்வி (மதுரை): மூக்கு அலர்ஜி உள்ள என் மகளுக்குத் தயிரே கொடுக்கக் கூடாது, சளி கட்டும் என்கிறார் மாமியார். இரவில் கண்டிப்பாகக் கூடாதாம். நீங்கள் தயிர் குடிக்கச் சொல்கிறீர்கள்.

பதில்: மாமியார் சொல்வதில் கவனித்துப் பார்த்த ஒரு விஷயம் இருக்கிறது, அதற்குச் சொல்லும் காரணம்தான் பொருந்தவில்லை. பால் பொருள் எச்சிலோடு கலந்தால் சற்றுக் கெட்டியாகித் தொண்டையில் படலம்போல நிற்கும். சளி கூடியதாகத் தோன்றும். 1990-இல் ஆஸ்திரேலியாவில் 60 தன்னார்வலர்களின் மூக்கில் ஜலதோஷ வைரஸை விட்டு, தினம் குடித்த பாலையும் மூக்கிலிருந்து வந்த சளியின் எடையையும் அளந்து பார்த்தார்கள். அதிகம் பால் குடித்தவர்களுக்குச் சளி அதிகம் வரவில்லை. அது பாலைப் பற்றிய ஆய்வு, தயிரை அதில் சோதிக்கவில்லை. ஆனாலும் பால் பொருள் சளியை உண்டாக்கும் என்ற எண்ணத்துக்கு அதில் ஆதரவில்லை.

குளிர்ச்சி வேறு விஷயம். அலர்ஜி மூக்கு எதற்கும் சீண்டப்படும், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே குடித்தால் தும்மலாம். இருபது நிமிடம் வெளியே வைத்து, மதியச் சாப்பாட்டோடு கொடுங்கள். குழந்தைக்கும் பொருந்தும், மாமியாரோடும் சண்டை வேண்டாம். புரோபயாடிக்குக்கு இரவு, பகல் என்ற பேதம் கிடையாது. தினமும் கொடுப்பதுதான் கணக்கு, ஏனென்றால் இந்த ரகங்கள் குடலில் குடியேறுவதில்லை. நிறுத்திய ஓரிரு வாரத்தில் வெளியேறிவிடும்.

கேள்வி (நாகர்கோவில்): பையனுக்கு நாலு வயது. எவ்வளவு கொடுக்கலாம்? கொடுத்தால் வீசிங் நிற்குமா?

பதில்: இத்தாலியில் இரண்டு முதல் ஐந்து வயதுவரை உள்ள 187 குழந்தைகளுக்கு ஓர் ஆண்டு முழுக்கத் தினம் 100 மில்லி கொடுத்தார்கள். லாக்டோபேசிலஸ் கேசியின் ஒரு ரகம் சேர்த்த புளித்த பால். மூக்கு அலர்ஜி இருந்த குழந்தைகளுக்கு அந்த ஆண்டில் மூக்குத் தொந்தரவு வந்த முறைகள் குறைந்தன. ஆஸ்துமாவில் வித்தியாசம் இல்லை. ஆகவே நாளுக்கு 100 மில்லி போதும், வீசிங்குக்கு இதை நம்ப வேண்டாம். இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருந்தால் ஒரு நாளும் விடாதீர்கள்.

இனிப்புப் பானங்களின் சர்க்கரையையும் கணக்கில் வையுங்கள். லேபிளில் 100 மில்லிக்கு 14 கிராம் என்றிருந்தால் 65 மில்லி பாட்டிலில் 9 கிராம், ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி. சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்கும் இதே கணக்குதான். அவர்கள் இனிப்பில்லாத கப் தயிரை எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி (சேலம்): பாப்பாவுக்குப் பால் குடித்தால் உடம்பெல்லாம் தடிப்பு வரும். புளித்த பால் என்பதால் கொடுத்துப் பார்க்கலாமா?

பதில்: கூடாது. புளிக்கும்போது லாக்டோஸ் சர்க்கரை ஓரளவு குறையும், அலர்ஜி தரும் கேசின் புரதம் அப்படியே இருக்கும். பால் குடித்தால் வயிறு மட்டும் உப்பும் பெரியவர்களுக்குத் தயிர் ஒத்துக்கொள்வது லாக்டோஸ் விஷயம். உங்கள் குழந்தைக்கு இருப்பது பால் அலர்ஜி, இரண்டையும் சேர்த்துப் பார்க்காதீர்கள். கேப்ஸ்யூல், பவுடர் வடிவ புரோபயாடிக்கிலும் சிலவற்றில் பால் புரதம் இருக்கும். அலர்ஜி நிபுணரைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம்.

குறைமாதத்தில் பிறந்த சிசுக்கள், புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்து எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தில் இருப்பவர்கள், பெரிய ரத்தக்குழாயில் குழாய் பொருத்தியவர்கள் ஆகியோரும் டாக்டர் சொல்லாமல் புரோபயாடிக் எடுக்கக் கூடாது. அரிதாக இந்தப் பாக்டீரியாவே ரத்தத்தில் கலந்து நோயாகியிருக்கிறது.

கேள்வி (தஞ்சாவூர்): புளித்த தயிர், மோர் எது சாப்பிட்டாலும் சிறிது நேரத்தில் மூக்கு ஒழுகி, முகம் சிவந்து தலைவலிக்கிறது. புரோபயாடிக் நல்லது என்கிறார்களே, எனக்கு மட்டும் ஏன் இப்படி?

பதில்: ஹிஸ்டமினாக இருக்கலாம். சில பாக்டீரியாக்கள் புளிக்க வைக்கும்போது ஹிஸ்டமினை உண்டாக்கும். தயிர் பழசாகப் பழசாக அது கூடும். குடலில் அதை உடைக்கும் நொதி குறைவாக உள்ளவர்களுக்கு மூக்கு ஒழுகல், முகம் சிவத்தல், தலைவலி வரும். இரண்டு வாரம் புளித்தவை எல்லாவற்றையும் நிறுத்துங்கள், கருவாடு, பழைய சீஸ், ஒயின் உட்பட. பிறகு அன்று உறைந்த, புளிக்காத தயிர் மட்டும் அரைக் கப் சாப்பிட்டுப் பாருங்கள். அது ஒத்துக்கொண்டு, மூன்று நாள் புளித்தது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் காரணம் கிட்டத்தட்டத் தெளிவு. இரண்டுமே ஒத்துக்கொள்ளாவிட்டால், அல்லது உதடு வீக்கம், மூச்சிரைப்பு வந்தால், சோதனையை வீட்டில் தொடராதீர்கள்.

கேள்வி (திருநெல்வேலி): இரண்டாவது குழந்தை வயிற்றில். எனக்கும் கணவருக்கும் அலர்ஜி. இப்போதே புரோபயாடிக் எடுத்தால் குழந்தைக்கு மூக்கு அலர்ஜி வராதா?

பதில்: பின்லாந்தில் 2001-இல் வந்த புகழ்பெற்ற ஆய்வில், கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் தாய்க்கும் பிறகு ஆறு மாதம் தாய்க்கோ குழந்தைக்கோ ராம்னோசஸ் ஜிஜி கொடுத்தபோது, இரண்டு வயதில் கரப்பான் (எக்ஸிமா) என்ற தோல் அழற்சி பாதியாகக் குறைந்தது. ஆனால் நாலு வயதில் பார்த்தபோது மூக்கு அலர்ஜி குறையவில்லை. தோலுக்குக் கிடைத்த பலன் மூக்குக்குக் கிடைக்கவில்லை.

கேள்வி (வேலூர்): தூசி அலர்ஜி என்று ரத்தப் பரிசோதனையில் வந்தது. புரோபயாடிக்கோடு வேறென்ன செய்யலாம்?

பதில்: படுக்கையிலிருந்து தொடங்குங்கள். தூசிப்பூச்சி நம் தோல் செதிலைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழ்வது. காலையில் எழுந்ததும் தும்மல் அதிகம் என்பதற்கு ஒரு காரணம் அது. விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள், பச்சைத் தண்ணீரில் பூச்சி சாகாது. மெத்தையை வெயிலில் போட்டால் பூச்சி காய்ந்து சாகும், ஆனால் அதன் கழிவு உள்ளேயே இருக்கும். அலர்ஜி தருவது அந்தக் கழிவுதான். மொட்டைமாடியில் போட்டு நன்றாகத் தட்டி எடுங்கள். தட்டுவது அலர்ஜி இல்லாத ஆளாக இருக்கட்டும். பழைய இலவம்பஞ்சுத் தலையணையை மாற்றிவிடுங்கள். ஜிப் வைத்த நெருக்கமான உறை போட்டால் மெத்தைக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு தடுப்பு.

உப்புநீரில் மூக்குக் கழுவுவதும் உதவும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு அயோடின் கலக்காத உப்பு 9 கிராம். உப்பு குறைந்தாலும் கூடினாலும் எரியும். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்தே தீர வேண்டும். குழாய்த் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ நேராக மூக்கில் ஏறினால் மூளையைத் தாக்கும் அமீபா புகுந்துவிடும் ஆபத்து உண்டு. கேரளத்தில் அந்த நோயால் உயிர்கள் போயிருக்கின்றன.

கேள்வி (விழுப்புரம்): எனக்குப் பலன் இருக்கிறதா என்று நானே எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஒரு நோட்டில் நாலு பத்தி போடுங்கள்: தும்மல், நீரொழுகல், அடைப்பு, அரிப்பு. தினம் இரவு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். 0 என்றால் இல்லை, 1 லேசு, 2 தொந்தரவு, 3 வேலையோ தூக்கமோ கெடும் அளவு. கூட்டினால் நாளுக்கு அதிகபட்சம் 12. அன்று எத்தனை மாத்திரை போட்டீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். மதிப்பெண் குறைந்து மாத்திரை கூடியிருந்தால் அது பாலின் பலன் ஆகாது.

முதல் இரண்டு வாரம் புரோபயாடிக் இல்லாமல் எழுதுங்கள். பிறகு ஒரே பொருளை, ஒரே அளவில், எட்டு வாரம். நடுவில் பிராண்டு மாற்றாதீர்கள், ஸ்பிரேயையும் மாற்றாதீர்கள். கடைசி இரண்டு வாரச் சராசரியை முதல் இரண்டு வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். 7 இருந்தது 5 ஆனால் ஏதோ நடந்திருக்கிறது. 7 இருந்தது 6.5 என்றால் நம்ப வேண்டாம். முதல் சில நாள் வயிறு உப்புசம் வரலாம், பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தொடங்கித் தை வெயிலில் முடித்தால் பருவம் மாறியதையும் பாலின் கணக்கில் எழுதிவிடுவோம். அதனால் பலன் தெரிந்தவர்கள் நாலு வாரம் நிறுத்தி, நோட்டை மட்டும் தொடர்ந்து எழுதுங்கள். மதிப்பெண் திரும்ப ஏறினால், அந்த ரகம் உங்களுக்கு உதவுகிறது என்று எடுத்துக்கொண்டு தொடரலாம். ஏறாவிட்டால் அந்தக் காசில் மெத்தை உறை வாங்குங்கள்.